எத்தனை வீடு விற்றது என்றும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரின் பழமையான பகுதிகளில் வீட்டு விலை ஏறியது, இறங்கியது என்று காலாண்டுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. சதவீதம் கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை வீடு விற்று அந்தச் சதவீதம் வந்தது என்பது மட்டும் இருக்காது. புதுக் குடியிருப்புகளில் ஒரே அளவு வீடுகள் ஏராளமாகக் கைமாறுவதால் அங்கே சராசரி ஓரளவு செல்லும். பழைய தெருக்களில் விற்பதே நாலைந்துதான், அதிலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

ஒரு காலாண்டில் ஐந்து வீடுகள் (லட்சம் ரூபாயில்) 100, 110, 120, 130, 540 என்று விற்றதாக வைத்துக்கொள்வோம். சராசரி 200. அடுத்த காலாண்டில் 105, 115, 125, 135, 140. சராசரி 124. '38 சதவீதச் சரிவு' என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் சின்ன வீடுகள் எல்லாமே விலை கூடித்தான் விற்றிருக்கின்றன. இந்த முறை பெரிய மாளிகை எதுவும் விற்பனைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வரிசையில் நடுவே நிற்கும் இடைநிலை விலையைப் பார்த்தால் 120லிருந்து 125, அதாவது சுமார் 4 சதவீத உயர்வு.

இதைவிட நம்பகமான வழி, ஒரே வீடு இரண்டு முறை விற்ற விலைகளை ஒப்பிடுவது. பொருளியலாளர்கள் பெய்லி, மூத், நோர்ஸ் மூவரும் 1963இல் வகுத்த முறை இது; கேஸ், ஷில்லர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் பின்னர் இதை மேம்படுத்தினார்கள். பழைய வீடுகளில் இதற்கும் ஒரு பொறி உண்டு. இரண்டு விற்பனைக்கும் நடுவே கூரை மாற்றி, குழாய், மின்கம்பி எல்லாம் புதிதாகப் போட்டிருந்தால், அந்தச் செலவும் சந்தை உயர்வுபோலக் கணக்கில் ஏறிவிடும். அப்படிப் புதுப்பித்த வீடுகளை ஒதுக்க வேண்டும். இடிப்பதற்கென்றே வாங்கிய வீடுகளையும் தனியே வைக்க வேண்டும்; அது மனை விலை, வீட்டு விலை அல்ல.

சதுர அடி விலையும் ஏமாற்றும். வெளி அளவு 30க்கு 40 அடி உள்ள பழைய வீட்டில் சுற்றுச்சுவர் ஒன்றரை அடி கனம் என்றால், உள்ளே 27க்கு 37, அதாவது 999 சதுர அடிதான். 1200இல் 201 சதுர அடியைச் சுவரே தின்றுவிடுகிறது. முக்கால் அடிச் சுவருள்ள புது வீட்டில் போவது 103தான். நடு முற்றத்தை ஒரு தரகர் பரப்பில் சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். எந்த அளவு என்று சொல்லாமல் இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

விளம்பரத்தில் கேட்கும் விலையைச் சந்தை விலை என்று எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விற்காமல் கிடக்கும் வீட்டின் விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டால், பல இடங்களில் 'சந்தையில் இருந்த நாட்கள்' பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதனால் கையிருப்பைப் பார்ப்பதே மேல்: 18 வீடு விற்பனைக்கு இருந்து மாதம் 2 விற்றால், 9 மாதச் சரக்கு இருக்கிறது. இதையும் ஒரே மாதத்தை வைத்துச் சொல்லாமல், 12 மாத விற்பனையைச் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

கடைசியாகத் தேதி. விலை பேசி முடிப்பது ஒரு நாள், பதிவாவது சில வாரமோ மாதமோ கழித்து. பாகப்பிரிவினை தீராத பழைய வீடென்றால் இன்னும் இழுக்கும். இந்தக் காலாண்டில் பதிவான விலை, போன காலாண்டில் பேசியதாக இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்