மாட்டுத்தாவணி மல்லியும் நான் விழுங்கிய எரர் மெசேஜும்

மதுரை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபிக்காதே மாப்ளே, பூ மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டேன். மாட்டுத்தாவணியில் ஒரு கமிஷன் கடைக்கு பில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேனே, அதில்தான் வம்பு.

மல்லி வரத்து அதிகமான ஒரு விடிகாலையில், உசிலம்பட்டிப் பக்கமிருந்து புது விவசாயி ஒருவர் பூவோடு வந்திருக்கிறார். கணக்குப்பிள்ளை அவர் பெயரையும் செல் நம்பரையும் அடித்தால், 'பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்' என்கிறது திரை. முயன்றார், மறுபடியும் அதே. பின்னால் வரிசை நிற்கிறது, பூ வாடுகிறது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஒன்பதைப் பத்து தடவை அழுத்தினார். ஏற்றுக்கொண்டது! இன்னொரு வீட்டுக்கு இதே சிக்கல் வந்தபோது கடைசி ஒன்பதை எட்டாக்கினார். இப்படியே 37 பேர். பணம் போட்ட எஸ்எம்எஸ் வரவே இல்லை என்று ஒருவர் கடைக்கு வந்து சத்தம் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

காரணம் அற்பம். அந்த உசிலம்பட்டி விவசாயியின் அப்பா அதே நம்பரில் ஏற்கனவே பதிவாகியிருந்தார். வீட்டுக்கே ஒரு போன்தான். ஒரு நம்பருக்கு ஒரு கணக்கு என்று டேட்டாபேஸ் டேபிளில் பூட்டுப் போட்டது நான்.

குத்துவது என்னவென்றால், உள்ளே இருக்கும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. ஏற்கனவே இருக்கிறது என்பதற்கான 23505 என்ற எரர் எண், மீறப்பட்ட கன்ஸ்ட்ரெயின்ட்டின் (அதாவது நான் போட்ட அந்தப் பூட்டின்) பெயர், அதற்குக் கீழே டீடெயில் வரியில் எந்த ஃபீல்டில் எந்த மதிப்பு முன்பே இருக்கிறது என்பது வரை. 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து டேபிள் பெயரும் கன்ஸ்ட்ரெயின்ட் பெயரும் தனித்தனியாகவே கைக்கு வருகின்றன, வாக்கியத்தைப் பிய்த்துத் தேட வேண்டியதில்லை. நடுவில் நின்ற நான்தான் அவ்வளவையும் விழுங்கிவிட்டு 'மீண்டும் முயலவும்' என்று துப்பியிருக்கிறேன். எத்தனை தடவை முயன்றாலும் பலிக்காத காரியத்துக்கு!

இப்போது ஒவ்வொரு கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கும் நானே பெயர் வைத்து, பெயருக்கு ஒரு தமிழ் வாக்கியம் எழுதிவிட்டேன். 'இந்த நம்பர் இன்னார் கணக்கில் இருக்கிறது. அதே வீட்டுக்காரரா?' என்று கேட்கும். ஆம் என்றால் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் சொன்ன மூலச் செய்தி, நான் பிறகு பார்க்க, லாக் ஃபைலில் முழுதாகப் போய்விடும்.

நீள விஷயம்தான் மசியவில்லை. அடித்தது இடத்துக்கு மேல் நீளம் என்கிற 22001 எரர் வந்தால் எந்த ஃபீல்டு என்றே போஸ்ட்கிரெஸ் சொல்வதில்லை, இத்தனைக்கு மேல் நீளம் என்பதோடு சரி. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை எண்ணிப் பார். நமக்கு 9 எழுத்து. யூனிகோடில் காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனிக் கணக்கு, ஆக 16. பெயருக்கு 15 போதும் என்று நினைத்தவன் மதுரைக்காரன், சிரிக்காதே. அதைத் திரையிலேயே முன்கூட்டிப் பார்த்துவிடுகிறேன்.

அப்புறம், விவசாயிகளுக்கே ஒரு ஆப் வேண்டும் என்கிறார் முதலாளி. அங்கே 'இன்னார் கணக்கில் இருக்கிறது' என்று காட்டினால், எவனும் ஒரு நம்பரை அடித்து அது யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவான். கணக்குப்பிள்ளைக்குச் சொல்வதை ஊருக்கே சொல்ல முடியாது. நீ பேங்க் பக்கம் வேலை பார்ப்பவன், அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுது.

37 பேரில் 29 பேருடைய சரியான நம்பர் கிடைத்துவிட்டது. மீதி எட்டுப் பேரைப் பிடிக்கத்தான் தினமும் விடிகாலை நாலு மணிக்குக் கடையில் போய் உட்காருகிறேன். வீட்டில் மட்டும் சந்தோஷம், தினம் மல்லி வருகிறது.

அன்புடன்,
உன் கதிர்