சுவர்கள் இன்னும் உலரவில்லை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடக்கின்றன. மூன்றாவது கடிதம் வந்து, ‘உயிரோடுதான் இருக்கிறாயா?’ என்று கேட்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, எதிர்வீட்டுக் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்லும் அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. நம் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ வந்திருந்தார். வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பித் தருவார் என்று பார்த்தால், இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஈரமாக இருக்கிறது.

கூரை ஒழுகுகிறது போலும் என்று மகிழ்ச்சி அடையாதே. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நான் சொல்வது சுவருக்குள் இருக்கும் ஈரத்தை. செங்கல்லும் மணலும் சிமெண்டும் வாங்கி வீடு கட்டுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நீரையும் அவற்றோடு சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்பது குடிவந்த பிறகுதான் புரிகிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் நீர் சேர்த்துக் கலவை போடுகிறார்கள். சிமெண்ட் இறுகுவதற்கான வேதி வினையில் அதில் பாதியளவே கட்டுண்டு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நுண்துளைகளில் தங்கியிருந்து, மெல்ல மெல்ல ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். செங்கல்லை ஊறவைத்த நீர், சுவருக்கும் தளத்துக்கும் காலையும் மாலையும் விட்ட நீர், கூரை போடுவதற்குள் பெய்த மழை எல்லாம் இதற்கு மேல். 28 நாளில் கான்கிரீட் தன் வலிமையைப் பெற்றுவிடும் என்று எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் வலிமை பெறுவது வேறு, உலர்வது வேறு. ஓர் அங்குலக் கனம் உலர ஒரு மாதம் ஆகும் என்று கட்டிட வேலை அறிந்தவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதுகூட உலர்ந்த காற்றை நம்பிப் போட்ட கணக்கு. நம்மைப் போன்ற வெப்பமண்டலத்துக்காரர்களுக்கு, மழைக்காலத்தில் காற்றே ஈரத்தால் நிரம்பி நிற்கும்போது, சுவர் தன் நீரை யாரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கும்?

இதை வண்ணம் பூச வந்தவரிடம் சொன்னேன். பூச்சு முடிந்த கையோடு பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கைப் பெயிண்டையும் அடித்து முடித்தால் அடுத்த வேலைக்குப் போகலாம் என்பது அவருடைய அவசரம். புதுப் பூச்சின் காரத்தன்மை அளவு (pH) 12, 13 வரை இருக்கும் என்றும், அதன்மேல் உடனே அடிக்கும் வண்ணம் திட்டுத்திட்டாக வெளுக்கும் என்றும் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் பட்டிக் கரண்டியைக் கையில் எடுத்தார். வாதாடுவதை விட்டுவிட்டு, 45 சென்டிமீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கூடத்துச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி டேப்பால் ஒட்டினேன். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும் என்பது இந்தச் சோதனையின் முறை. மறுநாள் காலையில் அவரை அழைத்துக் காட்டியபோது, தாளின் உட்புறம் முழுவதும் கடுகளவு நீர்த்துளிகள் அப்பியிருந்தன. ஓர் ஓரத்தைப் பிரித்ததும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, தரையில் சொட்டின. தாள் இருந்த இடம் மட்டும் சுவரில் கறுத்துத் தெரிந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘போன வீட்டில் இப்படி இல்லையே’ என்றார். போன வீட்டில் யாரும் தாள் ஒட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வெறும் சுண்ணாம்பு அடித்துத்தான் குடிவந்திருக்கிறோம். சுண்ணாம்பு நீராவியைத் தடுப்பதில்லை. பளபளப்பான பிளாஸ்டிக் எமல்ஷனை இப்போதே அடித்திருந்தால், உள்ளே அடைபட்ட ஈரம் ஒரு மழைக்காலத்துக்குள் கொப்புளமாகக் கிளம்பி உரிந்து விழுந்திருக்கும். ஒரு முழுக் கோடை கடந்த பிறகுதான் வண்ணத்தைப் பற்றிய பேச்சே என்று அறிவித்துவிட்டேன். வருகிறவர்களெல்லாம் ‘வேலை எப்போது முடியும்?’ என்று கேட்கிறார்கள். உன் அத்தை மட்டும் நேராகவே, ‘கையில் இருந்தது தீர்ந்துபோயிற்றா?’ என்று கேட்டார். கூடத்தின் கீழ்ப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி. நீர் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு சுவரின் மேல் தங்கிவிடுகிறது. உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேயே போய்ச் சேரும். இதை அத்தைக்கு விளக்கத் தொடங்கியபோது அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

இப்போது என் முழுநேர உத்தியோகம் சன்னல்களைத் திறப்பதும் மூடுவதும்தான். காற்றின் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அந்தக் கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான், புது வீட்டில் சுவருக்கு நல்ல நேரமும் மனிதருக்கு நல்ல நேரமும் ஒன்றல்ல என்பது விளங்கியது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கிறது, பிற்பகலில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. சுவர் உலர வேண்டுமானால், வெயில் கொளுத்தும் அந்தப் பிற்பகலில் எல்லாச் சன்னல்களையும் திறந்து காற்றை ஓடவிட வேண்டும். அறை குளிர்ந்திருக்க வேண்டுமானால், அதே நேரத்தில் எல்லாவற்றையும் மூடித் திரையை இழுத்துவிட்டு, இரவு முழுவதும் திறந்துவைக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில் நடக்காது. எனவே ஆள் படுக்காத அறைகளைப் பிற்பகலில் திறந்து மின்விசிறியையும் ஓடவிடுகிறேன். பெரியவர் படுக்கும் அறையை மூடிவைக்கிறேன். மறுநாள் வேறு அறையின் முறை. மின்விசிறி காற்றின் வெப்பத்தைக் குறைப்பதில்லை, ஆகவே ஆளில்லாத அறையில் அது வீண் என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். ஈரச் சுவர் இருக்கும் அறைக்கு அந்த விதி பொருந்தாது.

ஈரப்பதத்தை இவ்வளவு விரட்டுவதற்குக் காரணம் பூசணம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை புகும் இடைவெளி விட்டிருக்கிறேன். உனக்கு ஏசியின் மேல் உள்ள மோகம் எனக்குத் தெரியும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் குறைந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அங்கே நீர்த்துளியாகப் படியும். படுக்கையறையில் ஏசியை 18 டிகிரியில் விடிய விடிய ஓடவிட்டால், அந்த அறைக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும். அதே சுவரின் மறுபக்கத்தில், ஏசி இல்லாத அறையில் வைத்திருக்கும் துணி அலமாரிக்குப் பின்னால்தான் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் படரும். யாரும் அலமாரியை நகர்த்திப் பார்ப்பதில்லை. நாற்றம் வந்த பிறகு குழாய் கசிகிறது என்று சுவரை உடைக்கிறார்கள்.

இனிக் கூரை. ஒருநாள் இரவு, சாப்பாடெல்லாம் முடிந்த பின், ஏணியில் ஏறி மாடி அறையின் உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது. வெளியே காற்று எப்போதோ தணிந்துவிட்டிருந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், அதை உடனே உள்ளே விடுவதில்லை. கனத்துக்கேற்பச் சில மணி நேரம் தாமதித்து, நாம் பாயை விரிக்கும் நேரம் பார்த்து இறக்குகிறது. அடியில் எத்தனை வேகமாக விசிறியைச் சுழற்றினாலும், கூரையிலிருந்து உடம்பின் மேல் நேராக விழும் அந்த வெப்பத்தை அது தடுக்காது. ஃபால்ஸ் சீலிங் போடும்படி எல்லோரும் யோசனை சொன்னார்கள். வெயிலை உள்ளே வரவிட்ட பிறகு மறைப்பதைவிட, வாசலிலேயே திருப்பி அனுப்புவது மேல் என்று தோன்றியதால், மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். புதிய வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். அழுக்கேறிய சாம்பல் நிறத் தளம் அதில் பாதிகூட அனுப்பாது. பூச்சு அடித்த பின் அதே இடத்தில் கை வைத்தேன். கை வைத்துக்கொண்டே நிற்க முடிந்தது. ஆனால் இதற்கும் ஊழியம் உண்டு. ஈரமான காற்றில் பாசி படிந்து வெள்ளை கறுத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் தேய்த்துக் கழுவாவிட்டால் பூச்சு பெயரளவுக்குத்தான்.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம், உன் கடிதத்தோடு வந்த, நீ கட்டப்போகும் வீட்டின் வரைபடம். நீ அதில் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து, ‘அந்தி வானம் பார்க்க’ என்று குறிப்பு வேறு எழுதியிருக்கிறாய். கல்லூரி விடுதியில் காலை ஏழு மணிக்கு முன் நீ வானத்தைப் பார்த்ததே இல்லை என்பதால், அந்தியையாவது பார்க்க விரும்புவது நியாயம்தான். ஆனால் கேள். வெப்பமண்டலத்தில், அதாவது நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 23.5 டிகிரிக்குள், சூரியன் ஆண்டில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது; சில மாதம் வடக்கிலும் சில மாதம் தெற்கிலும் சாய்கிறது. உச்சி வெயிலில் அடிபடுவது கூரை. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சன்னலின் மேல் நீட்டிய சன்ஷேடே போதுமான நிழல் தரும், ஏனென்றால் அப்பக்கங்களில் வெயில் மேலிருந்து இறங்குகிறது. மேற்கில் வெயில் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும்; எவ்வளவு நீளமான சன்ஷேடானாலும் அதன் அடியில் புகுந்துவிடும். அங்கே கழிவறையையோ, படிக்கட்டையோ, பொருள் வைக்கும் அறையையோ வைத்துச் சுவருக்கு வெளியே மரம் நடு. படிக்கட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்றால், கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தம் கட்டிடங்களில் செய்ததுபோல, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் எழுப்பு. காற்று வரும், கண்கூச்சம் வராது.

அந்தக் கண்ணாடியைவிட என்னை உறுத்துவது, அதே மேற்குப் பக்கத்தில், மேல்தளத்தில், கூரைக்கு நேர் கீழே அம்மாவின் அறையைக் குறித்திருக்கிறாயே, அதுதான். இதில் விளையாட்டில்லை. வெப்பமும் ஈரமும் ஒன்றாகக் கூடும் இரவில் வியர்வை வழியுமே தவிர எளிதில் ஆவியாகாது. வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிர்வதற்கான முக்கிய வழி அடைபடும். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி என்பது நலமான மனித உடலும் தாங்க முடியாத வரம்பு என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னர் இளம் வயதினரை வைத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அந்த வரம்பு 31 டிகிரியை ஒட்டியே வந்துவிட்டது. வயதானவர்களின் உடலில் வியர்ப்பதும் குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. பகலில் கூடத்தில் உட்கார்ந்து சமாளித்துவிடுவார். இரவில், மின்சாரமும் நின்றுபோன ஓர் இரவில், சூடான கூரைக்கடியில் படிக்கட்டு இறங்கவும் முடியாமல் கிடக்கும் நிலையை அவருக்கு வரவழைக்காதே. கீழ்த்தளத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் உள்ள அறை அவருக்கு. மேல்தள அறையில் நீ படுத்துக்கொண்டு அந்தி வானம் பார்.

மற்றவை சிறு விஷயங்கள். மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் உரசும். தச்சர் உடனே இழைப்புளியோடு வருவார். அனுப்பிவிடு. ஈரக்காற்றில் மரம் அகலவாட்டில் விரிகிறது, கோடையில் சுருங்கிவிடும். இப்போது இழைத்தால் அப்போது விரல் நுழையும் சந்து விழும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், பூச்சுக்கு முன் கம்பி வலை அடிக்கச் சொல், இல்லாவிட்டால் அங்கே நேர்கோடாக விரிசல் ஓடும். சாரப்பலகைத் துண்டுகளை மண்ணோடு சேர்த்து மூடிவிடுவது வேலையாட்களின் பழக்கம், கரையானுக்கு அதைவிட நல்ல அழைப்பு இல்லை. பக்கத்தில் நின்று பொறுக்கச் சொல். மேல்நிலைத் தொட்டியின் வழிகுழாய் வாயில் வலை கட்டு. விட்டுப்போன வாளியிலும் டிரம்மிலும் தேங்கும் நீரில் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் பறந்து வந்துவிடும். பல்லிகள் எங்களுக்கு முன்பே குடிவந்து நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டன, அதற்கு வழியொன்றும் தெரியவில்லை.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், திருத்திய வரைபடத்தை எனக்கு அனுப்பு. உன் ஒப்பந்தக்காரரிடம், பூச்சு முடிந்தும் வண்ணம் பூசாமல் ஒரு கோடை காத்திருப்பேன் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள். வேலை நடக்கும்போது சொன்னால் தாமதக் கூலி கேட்பார். அம்மாவுக்கு என் வணக்கம். அறை மாறியது யாருடைய யோசனை என்று மறக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்