ஆள் எடுக்கும் முன் பீட்டைப் பார்

அம்மாடி,

நீ அனுப்பிய எக்ஸெல் தாளைப் பார்த்தேன். ஆறு சேல்ஸ்மேன், மாத விற்பனை 21 லட்சத்து 60 ஆயிரம். முதலாளி 27 லட்சம் கேட்கிறார், இன்னும் இரண்டு பேரை எடுக்கட்டுமா என்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்.

விடை உன் தாளிலேயே இருக்கிறது. ஒருவர் நாளுக்கு ஒரு பீட், அதாவது அன்றைக்குச் சுற்ற வேண்டிய கடை வரிசை, 40 கடை ஏறுகிறார், பில் விழுவது 16 கடையில். ஆறு பேருக்கு 25 நாளில் 2,400 பில், சராசரி பில் 900 ரூபாய். அந்த 16 மட்டும் 20 ஆனால் 3,000 பில், 27 லட்சம் வந்துவிடும். மீதி 24 கடை ஏன் வேண்டாம் என்கிறது என்று தெரியாமல் புது ஆள் எடுத்தால், அவரும் 24 கடையில் வெறுங்கையோடுதான் இறங்குவார். சம்பளமும் பெட்ரோல் படியும்தான் கூடும்.

அதனால் அடுத்த இரண்டு வாரம் ஆபீஸில் உட்காராதே. ஒவ்வொருவரோடும் ஒரு முழு நாள் போ. முதல் பத்துக் கடையில் வாயே திறக்காதே. பெரும்பாலும் நடப்பது இதுதான்: சேல்ஸ்மேன் வண்டியை விட்டு இறங்காமலே, “அண்ணாச்சி, ஏதாச்சும் வேணுமா?” கடைக்காரர் கல்லாவிலிருந்து தலை நிமிராமல், “ஒண்ணும் வேணாம், அடுத்த வாரம் வா.” அவரிடம் சரக்கு இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று அவருக்கே தெரியாது. இந்த மாதிரிக் கேள்விக்கு ‘வேணாம்’ என்பதுதான் சுலபமான பதில்.

சரியான முறை வேறு. உள்ளே போய் முதலில் தட்டைப் பார்க்க வேண்டும். சாம்பார் பொடி 100 கிராம் எத்தனை, மல்லித்தூள் 50 கிராம் எத்தனை, 10 ரூபாய் பாக்கெட் சரம் முன்னால் தொங்குகிறதா, இல்லை மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறதா என்று எண்ணிவிட்டு, பழைய தேதி பாக்கெட்டை முன்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு: “அண்ணாச்சி, போன வாரம் 12 போட்டோம், 3 இருக்கு. இன்னொரு 12 போட்டுடறேன். மிளகுத்தூள் காலி, ஒரு சரம் மாட்டிடறேன்.” எண்ணிக்கையோடு கேட்டால் கடைக்காரர் குறைத்துக் கேட்பாரே தவிர, துரத்தமாட்டார். பில்லில் ஒரு ஐட்டத்துக்குப் பதில் மூன்று ஐட்டம் ஏறுவதும் இப்படித்தான். ஒரு கடைக்கு ஐந்து நிமிடம் ஆகும். 40 கடைக்கு 200 நிமிடம், பயணம் தனி. அதனால் காலை ஒன்பதரைக்குள் முதல் பில் விழுந்தாக வேண்டும். பதினொன்றுக்குத் தொடங்குபவர் கடைசிப் பதினைந்து கடையை டீக்கடையில் உட்கார்ந்தபடியே மொபைலில் பொய் ஆர்டர் போட்டு முடித்துவிடுவார்.

அதைப் பிடிக்க ஜிபிஎஸ் பின்னால் ஓடாதே. எடுத்த ஆர்டரையும் டெலிவரி ஆனதையும் பக்கத்தில் வைத்துப் பார். 100 ஆர்டரில் 15 ‘கடைக்காரர் கேட்கவே இல்லை’ என்று வண்டியிலேயே திரும்பி வந்தால், அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு அவரோடு உட்கார்.

பீட் லிஸ்டையும் ஒருமுறை சலித்துவிடு. மூடிய கடை, கைமாறிய கடை, நம் சரக்கே போகாத ஸ்டேஷனரி கடை எல்லாம் அதில் இருக்கும். கடைக்குப் போகும் கிழமை மாறக் கூடாது. செவ்வாய் வருபவர் இந்த வாரம் வியாழன் போனால், புதனன்றே வேறு கம்பெனிக்காரன் அந்தத் தட்டை நிரப்பியிருப்பான். சந்தை நாளில் அந்த ஊருக்கு பீட் போடாதே, கடைக்காரருக்கு மூச்சு விடவும் நேரம் இருக்காது.

இனி மாதக் கடைசி. உன் தாளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அதாவது நம்மிடம் வாங்கிக் கடைகளுக்கு அனுப்புபவருக்கு, போட்ட பில்லில் பாதி கடைசி ஐந்து நாளில் வந்திருக்கிறது. அது கடைக்குப் போன சரக்கு இல்லை, அவர் கோடவுனில் இறக்கியது. அவர் கணக்கைப் போட்டுப் பார். மாதம் 8 லட்சம் விற்கிறார், 6 சதவீத மார்ஜினில் 48,000. வண்டி, டிரைவர், பில் போடும் பையன், கோடவுன் வாடகை 32,000 போனால் கையில் 16,000. சரக்கில் 4 லட்சம், கடைகளில் கடன் 4 லட்சம், ஆக அவர் முதலீடு 8 லட்சம். மாதம் 2 சதவீதம் கிடைக்கிறது. நீ தலையில் கட்டி சரக்கை 8 லட்சமாக்கினால் முதலீடு 12 லட்சம், வருமானம் அதே 16,000. 1.33 சதவீதம்தான். அடுத்த மாதம் பத்துத் தேதி வரை ஆர்டர் வராது, சில மாதத்தில் தேதி முடிந்த பாக்கெட் திரும்பி வரும், அப்புறம் அவர் வேறு ஏஜென்சி தேடுவார். ஸ்கீம் கிளைமை, அதாவது கடைக்குக் கொடுத்த சலுகைக்காக அவர் நம்மிடம் திரும்பக் கேட்கும் பணத்தை, மூன்று மாதம் இழுத்தாலும் இதே கதைதான். டஜனுக்கு ஒன்று இலவசம் என்று நீ அறிவித்தது கடைக்கே போய்ச் சேராது.

ஆகவே இன்சென்டிவைக் கடைக்குப் போகும் விற்பனை மேல் வை, கோடவுனில் இறங்குவதன் மேல் வைக்காதே. டார்கெட்டில் 100 சதவீதம் தொட்டால் 5,000, 99-க்கு ஒன்றும் இல்லை என்ற உன் திட்டத்தை மாற்று. 85-ல் நிற்பவர் இந்த மாதத்தைக் கைவிட்டு, வரும் ஆர்டரை ஒன்றாம் தேதிக்கு ஒதுக்குவார். 100 தொட்டவரும் அதையேதான் செய்வார். 80-லிருந்து படிப்படியாக ஏறட்டும். அதில் ஒரு பங்கு பில் விழுந்த கடை எண்ணிக்கைக்கும், ஒரு பங்கு வசூலுக்கும் இருக்கட்டும். கடன் பில்லுக்கு பில் மட்டும். பழைய பில் தீராமல் புது பில் போட்டால், விற்பனை ஏறுவது போலத் தெரியும், பணம் தெருவில் நிற்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குத் தங்கக் காசு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், 2022 ஜூலையிலிருந்து இந்த விதி இருக்கிறது. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அறிவி.

இன்னொன்று. அதிகம் விற்கும் பையனையே சூப்பர்வைசர் ஆக்கும் யோசனையைக் கொஞ்சம் ஆறப்போடு. பக்கத்தில் நின்று மற்றவரைப் பேச விடுகிறானா, குறுக்கே விழுந்து தானே ஆர்டர் எடுக்கிறானா என்று நாலு நாள் பார். குறுக்கே விழுபவனாக இருந்தால் நல்ல சேல்ஸ்மேனும் போய்விடுவான், சூப்பர்வைசரும் கிடைக்கமாட்டான்.

முதலில் குறைவாக பில் விழும் பீட் எதுவோ அதிலிருந்து தொடங்கு. அந்த 40 கடைப் பட்டியலில், கடந்த நாலு வாரமும் ‘இல்லை’ சொன்ன கடைகளைச் சிவப்பில் குறித்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பு. போனில் பேசிக்கொண்டே பார்ப்போம். வெயிலில் வண்டியில் போகிறாய், மோர் கையில் வைத்துக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அப்பா