பையன் வேலைக்கு வருவான், மார்க் ஷீட் வீட்டில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். உங்கள் துறைக்கும் எனக்கும் பழக்கம் அதிகம், உங்களுக்குத்தான் தெரியாது. வேலைவாய்ப்புப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது, தனியார் வேலைக்கான அரசு இணையதளத்தில் பெயர் ஏற்றுவது, முகாமுக்குப் போகிற பிள்ளைகளுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுப்பது எல்லாம் என் கடையில்தான் நடக்கிறது. மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து ஆடி முடிகிற வரை பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள்தான் என் வாடிக்கையாளர்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். நீங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் மேசை போட்டு உட்காரும் எந்த நிறுவனமும், அந்த நிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தரும் எந்த கான்ட்ராக்டரும், வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வாங்க மாட்டோம் என்று அவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மீறியவர்களுக்கு அடுத்த முகாமில் மேசை கொடுக்காதீர்கள்.

இப்படி ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அதனால் அதை விளக்கப் போவதில்லை. இந்த வருடம் என் கண்முன் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கடைக்கு வரும் ஒரு பையனுக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது. ஐடிஐயில் ஃபிட்டர். முகாமுக்குப் போனான், அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனி என்றுதான் மேசையில் எழுதியிருந்தது. போன பிறகுதான் தெரிந்தது, வேலை கம்பெனியில் இல்லை, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரிடம். முதல் நாளே பத்தாவது மார்க் ஷீட், டிசி, ஐடிஐ சான்றிதழ் மூன்றையும் "வெரிஃபிகேஷன் முடிச்சுட்டுத் தர்றோம்" என்று வாங்கிக்கொண்டார்கள். ரசீது இல்லை. வேலைக்குச் சேர்ந்ததற்கான ஆர்டரும் இல்லை. அடகுக் கடையில் குண்டுமணித் தங்கம் வைத்தால்கூட ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள்.

ஃபிட்டர் படித்தவனுக்குக் கொடுத்த வேலை, அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்டுவது. அதையும் அவன் குறை சொல்லவில்லை. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் போக மீதியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

அதற்கு முன்பே என் கடையிலிருந்து ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். மார்க் அடிப்படையில் பட்டியல் வந்தது. பெயர் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசலோடு வர வேண்டும், இல்லையென்றால் நிராகரிக்கப்படும் என்று கடிதம். இதில் எவ்வளவு பெரிய வாய்ப்பு இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் திருத்திய விதி ஐடிஐ முடித்த அப்ரண்டிஸுக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய்தான். பெட்டி ஒட்டினால் அதைவிடக் கூடவே வரும். ஆனால் பயிற்சி முடித்தால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கையில் இருக்கும். "அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு ஏழை வீட்டுப் பையன் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய பதில் அது.

சூப்பர்வைசரிடம் கேட்டான். "ஒரு வருஷம் முடிச்சுட்டு வாங்கிக்கோ" என்றார். அவசரம் என்றதும் பத்தாயிரம் கட்டச் சொன்னார்கள். எதற்காகப் பத்தாயிரம்? அவனுக்குப் பயிற்சி கொடுத்த செலவாம். டேப் ஒட்டுவதற்குப் பயிற்சி!

பிறகு அவன் அம்மா கிளம்பினார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். திண்டிவனம் போய், செங்கல்பட்டு போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஒரகடத்துக்குப் போயிருக்கிறார். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, "உங்க பையன் எங்க ஆள் இல்லம்மா, கான்ட்ராக்ட் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். கான்ட்ராக்ட் ஆபீஸ் ஒரு கடைக்கு மேல் மாடியில். பூட்டியிருந்தது. போன் போட்டால் சார் வெளியூர் போயிருக்கிறார். ராத்திரி ஊர் திரும்பி, மறுநாள் காலை நான் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார்.

"தம்பி, நீதானப்பா அவனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்த. உன் கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்ல? ஒரிஜினல் மாதிரியே நல்லா கெட்டி பேப்பர்ல ஒண்ணு அடிச்சுக் குடுத்துடேன்."

அவர் ஏமாற்றுவதற்காகக் கேட்கவில்லை. மகன் படித்து வாங்கிய மார்க், மகனுடைய பேப்பர், அதை இன்னொரு தாளில் எடுப்பதில் என்ன தப்பு என்பது அவர் நியாயம். அது குற்றம், கள்ளச் சான்றிதழ் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பவரிடம் போய் அது குற்றம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சரிபார்ப்புத் தேதி போய்விட்டது. இடமும் போய்விட்டது. பையன் இன்னும் பெட்டிதான் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே உத்தரவு போட்டுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் கல்வி நிறுவனங்களைப் பலமுறை கண்டித்திருக்கிறது. மேலே படிக்கப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. வீட்டில் வசதி இல்லாமல் அதே வயதில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு எந்த உத்தரவு இருக்கிறது?

சரிபார்க்கத்தானே வேண்டும் என்பார்கள். தாராளமாகச் சரிபார்க்கட்டும். அசலைப் பார்த்து, ஜெராக்ஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். என் மெஷினுக்கு ஒரு பக்கம் எடுக்கச் சில நொடி போதும். நம் மாநிலத்து மதிப்பெண் சான்றிதழ்கள் டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் கிடைக்கின்றன. அது அசலுக்குச் சமம் என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது. அப்படியும் தாளைத்தான் பிடித்து வைப்பேன் என்றால் நோக்கம் சரிபார்ப்பு இல்லை.

"இந்தக் காலத்துப் பசங்க ஒரு வாரத்துல ஓடிடுறாங்க சார்" என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். உண்மைதான், ஓடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, ஒரே ரூமில் பத்துப் பேரை அடைத்து, முகாமில் சொன்ன சம்பளம் வேறு, கையில் வந்தது வேறு என்றால் ஓடத்தான் செய்வார்கள். மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தமாகப் பணம் என்று ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் நடத்தி நம் ஊர்ப் பெண் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பணத்தைப் பிடித்தார்கள். இன்றைக்குத் தாளைப் பிடிக்கிறார்கள்.

முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வேறு தடை இல்லையா என்று கேட்டால், என் கடைக்கு வந்து ஒரு நாள் உட்காருங்கள். பன்னிரண்டாவது முடித்தும் பதினெட்டு நிரம்பவில்லை என்று ஆறு மாதம் வீட்டில் உட்காருகிறவர்கள் உண்டு. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பேங்க் புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று இருப்பதால் பிஎஃப் கணக்கு முடங்கிக் கிடப்பவர்கள் உண்டு. இதெல்லாம் சரியாகும்வரை அரசு சும்மா விட்டுவிடவில்லை, உதவித்தொகை வைத்திருக்கிறது. பதிவு செய்துவிட்டு ஐந்து வருடம் பொறுமையாகக் காத்திருந்தால், பன்னிரண்டாவது தேறியவருக்கு மாதம் 400 ரூபாய். பத்தாவது தேறியவருக்கு 300. பதினெட்டு வயதில் வேலை கேட்டவனுக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு நாளைக்கு ஒரு டீக் காசு. அந்த விண்ணப்பத்தையும் நான்தான் பூர்த்தி செய்து தருகிறேன், சிரிக்காமல்.

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, மன்னியுங்கள். அந்தத் தொகையை உயர்த்துங்கள் என்று கேட்கவோ, நிதி ஒதுக்குங்கள் என்று கேட்கவோ இந்தக் கடிதம் எழுதவில்லை. நான் கேட்பதற்கு அரசுக்குப் பைசா செலவில்லை, புதிய சட்டமும் வேண்டாம். முகாம் உங்களுடையது, மேசை உங்களுடையது, யார் உட்காரலாம் என்று முடிவு செய்கிறவர்களும் நீங்கள்தான். அரசு நடத்தும் முகாம் என்பதால்தான் அந்த அம்மா மகனைத் தைரியமாக அனுப்பினார். தெரியாத ஆள் பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டிருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டார்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அசல் சான்றிதழை வாங்கி வைக்க மாட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும், அதன் கான்ட்ராக்டரிடமும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் திருப்பிக் கொடுக்க ஒரு தேதி வையுங்கள். புகார் சொல்ல ஒரு போன் நம்பர் கொடுங்கள், யாராவது எடுக்கிற நம்பராக இருக்கட்டும்.

இதையெல்லாம் முகாம் வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். வாசகத்தை மட்டும் நீங்கள் அனுப்புங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் நடக்கும் முகாம்களுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை நான் அடித்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
செஞ்சியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்