கொடி துடிப்பது நிற்கட்டும், அப்புறம் வெட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நான் 31 வருடம் அரசு மருத்துவமனை லேபர் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகளுக்கு ஏழாம் மாதம் ஸ்கேன் எடுத்த மறுநாள் காலையிலேயே, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசிய பெண் பிரசவத் தேதியைக்கூடச் சரியாகச் சொன்னாளாம். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள் அக்கா, நாளைக்குப் பெரிய வியாதி எது வந்தாலும் அதுதான் காப்பாற்றும், விட்டுவிட்டால் இந்த வாய்ப்பு திரும்ப வராது என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். மொத்தமாகக் கட்டினால் 60,000 ரூபாய் சொச்சம், வரி தனி, தவணையும் உண்டு. அடுத்த நான்கு நாளும் விடாமல் போன். வளைகாப்பு முடிந்த வாரம் மாப்பிள்ளை என் மகளின் இரண்டு பவுன் செயினை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். குழந்தைக்காக ஒரு செயின் என்ன பெரிசு அத்தை என்று கேட்டார். அந்தப் பிள்ளை மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அப்படி நினைக்க வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் முதல் படமே தாயத்து. நம் முன்னோர்கள் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டியது ஸ்டெம் செல் ரகசியம் தெரிந்துதான் என்று எழுதியிருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும், புது ரத்தத்தை உண்டாக்கக்கூடிய மூலச் செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். இது பல வருடமாகச் சுற்றும் செய்தி, படித்தவர்களே நம்பி அனுப்புகிறார்கள். என் மகனுக்கு விழுந்த கொடியையும் என் அம்மா வெள்ளித் தாயத்தில் போட்டுக் கட்டினார், இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அது பாசம், அது வழக்கம். ஆனால் காய்ந்து சருகாக விழுந்த துண்டில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது. ஸ்டெம் செல் பிழைத்திருக்க வேண்டுமென்றால் ரத்தத்தை எடுத்து இரண்டு நாளைக்குள் பக்குவப்படுத்தி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். நம் வழக்கத்தின் மேல் நமக்கு இருக்கும் மரியாதையை வைத்து வியாபாரம் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, அந்த ரத்தத்தால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. 1988இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் டாக்டர் எலியன் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை என்கிற பரம்பரை நோயோடு அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயதுப் பையனுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார்கள். உலகிலேயே அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு உலகம் முழுக்க 40,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பையனுக்கு ஏற்றியது அவனுடைய சொந்த ரத்தம் இல்லை, அவன் தங்கை பிறந்தபோது எடுத்து வைத்த அவளுடைய தொப்புள்கொடி ரத்தம். போனில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நோட்டீசில் எண்பது வியாதி என்று பெரிய பட்டியல் போடுகிறார்களே, அதில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது அடுத்தவர் கொடுக்கும் செல்தான். தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோயோடு பிறந்த குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினால் அதே கோளாறுதான் திரும்ப உள்ளே போகும். சிறுவயதில் வரும் ரத்தப் புற்றுநோய் சிலதில் அந்தக் கோளாறின் விதை பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிறது, அதனால் டாக்டர்கள் சொந்த ரத்தத்தைத் தேடுவதில்லை. ஆட்டிசம், மூளை வாதம் எல்லாம் இன்னும் ஆராய்ச்சி அளவிலேயே நிற்கிறது. அப்புறம், ஒரு பையில் சேருகிற செல்கள் சின்னக் குழந்தைக்குப் போதும், வளர்ந்த ஆளின் எடைக்குப் பல நேரம் போதாது. 'ஆயுசு முழுக்கப் பாதுகாப்பு' என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2017 வழிகாட்டுதலிலேயே, தன் குழந்தைக்கே பிற்காலத்தில் பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வீட்டில் மூத்த குழந்தைக்கு இந்தச் செல்லால் குணமாகக்கூடிய நோய் இருந்து, அம்மா அடுத்த பிள்ளையைச் சுமக்கிறாள் என்றால் சேமிக்கலாம் என்றும் சொல்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு, அவர்கள் கட்டாயம் டாக்டரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு குழந்தை தன் சொந்த ரத்தத்தை முதல் 20 வருடத்தில் பயன்படுத்தும் வாய்ப்பு 0.04 சதவீதத்திலிருந்து 0.0005 சதவீதம் வரை என்று போட்டிருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவர், இல்லையென்றால் இரண்டு லட்சம் பேரில் ஒருவர். இந்தக் கணக்கை மாப்பிள்ளைக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது அந்தப் பெண் சொன்ன இன்னொரு வார்த்தை. 'எப்படியும் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போகிற ரத்தம்தானே அக்கா' என்றாளாம். குழந்தை வெளியே வந்ததும் கொடியை விரலால் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீலம் பாய்ந்து, முறுக்கேறி, தடியாக இருக்கும். குழந்தையின் இதயம் அடிக்கிற அதே வேகத்தில் அதுவும் விரலுக்குள் துடிக்கும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் பொறுத்தால் துடிப்பு மெல்ல மெல்ல அடங்கி, கொடி வெளுத்து, துவண்டு கிடக்கும். அந்த நேரம் முழுக்க நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் குழந்தைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்தில் சுமார் 100 மில்லி. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தமே மொத்தம் கால் லிட்டர் சுமார்தான் என்றால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று யோசியுங்கள். அதோடு போகிற இரும்புச்சத்து முதல் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் இந்த ரத்தத்தைக் குப்பை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்களும் உடனே கிளாம்ப் போட்டு வெட்டிவிடுவோம். அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். பிற்பாடு பயிற்சியில் உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எடுத்துச் சொன்னார்கள், அழுது மூச்சு விடுகிற குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைக் கட்டாதீர்கள் என்று. முதலில் வெட்டிய அத்தனை குழந்தைகளையும் நினைத்து எனக்கு மனசு கனத்துப்போனது. பொறுத்து வெட்டினால் சேமிக்கிற பைக்கு வருவது குறையும். ரத்தம் எடுக்கும் கிட் பெட்டியோடு கம்பெனி ஆள் வெளியே காத்திருக்கும்போது, பை நிறைய வேண்டும் என்பதற்காகச் சீக்கிரம் வெட்டினால் இழப்பு யாருக்கு?

சேமித்த ரத்தம் பத்திரமாக இருக்குமா என்பதும் பெரிய கேள்விதான். சிங்கப்பூரில் 2023 இறுதியில், தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் ஒரு தனியார் வங்கியின் தொட்டிகளில் குளிர்நிலை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று அந்நாட்டு சுகாதார அமைச்சு அறிவித்தது. ஒரே தொட்டியில் இருந்த சுமார் 2,200 பைகள் கெட்டுப்போயின. கண்காணிப்பு கடுமையான ஊர் அது.

யாராவது ஒருவருக்கு உதவட்டும் என்ற மனசு இருந்தால், சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற பதிவேட்டில் பெரியவர்கள் ஸ்டெம் செல் கொடையாளராகப் பெயர் கொடுக்கலாம். பதிவு செய்யக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். இப்போதெல்லாம் அப்பாவோ அம்மாவோ பாதிப் பொருத்தமாக இருந்தாலே எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிறார்கள், அதையும் இந்த விற்பனையாளர்கள் சொல்வதில்லை.

சுகாதாரத் துறைக்கு நான் கேட்பது இரண்டே. கர்ப்பிணிகளின் போன் நம்பர் ஸ்கேன் சென்டரிலிருந்தும் கிளினிக்கிலிருந்தும் வெளியே எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள், கொடுப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கிற தாய் சேய் நல அட்டையில் தொப்புள்கொடி ரத்தம் பற்றி ஒரு பக்கம் அச்சடியுங்கள், ஐசிஎம்ஆர் என்ன சொல்கிறது, யாருக்குச் சேமிப்பு தேவை, கொடியை எப்போது வெட்ட வேண்டும் என்று எளிய தமிழில். ஐந்தாம் மாதத்திலேயே நம் கிராம சுகாதார செவிலியர் அதைப் படித்துக் காட்டிவிட்டால், ஏழாம் மாதம் வருகிற போனுக்கு எந்தப் பெண்ணும் பயப்பட மாட்டாள்.

மகளுக்குப் போன மாதம் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். டியூட்டி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தோம், அவர்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுத்தே வெட்டினார்கள். கொடி வெளுத்த பிறகுதான் கிளாம்ப் போட்டார்கள் என்று மகள் என்னிடம் சொன்னாள். பேரனுக்கு இன்றோடு 28 நாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.