ஒத்த மணங்களைப் பிரிக்கும் அடக்கு நியூரான்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மோப்பம் பற்றிய தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை, அடக்கு நியூரான்களை, அதாவது பிற நரம்பு செல்களின் செயல்பாட்டைக் குறைக்கும் நரம்பு செல்களை, 'மணத்துக்குப் போடும் பிரேக்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பாடநூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. நெருங்கிய இரண்டு மணங்களை மூளை பிரித்தறிவதே இவற்றால்தான் என்பது அதில் விடுபட்டுப்போகிறது.

1997இல் வெளியான தேனீ ஆய்வு இதற்கு நல்ல சான்று. பசித்த தேனீயைத் தலை மட்டும் வெளியே நீட்டும்படி சிறு குழாயில் பொருத்துவார்கள். மணத்தை ஊதி, அது ஓயும் முன்பே உணர்கொம்பில் சர்க்கரைக் கரைசலைத் தொட்டு ஊட்டுவார்கள். சில முறை பழகியதும் மணம் வந்தாலே தேனீ நாக்கை நீட்டும். வயிறு நிறைந்த தேனீ நீட்டாது. காற்றின் வேகம் திடீரென மாறினால், மணமே இல்லாமல் நீட்டிவிடவும் கூடும். ஆகவே காற்றோட்டம் சீராக இருக்க வேண்டும். ஊதிய மணத்தை விசிறி உடனே வெளியே இழுத்துவிட வேண்டும்.

இப்படிப் பழகும் தேனீயின் மூளையில், மணச் செய்தி முதலில் வந்துசேரும் முகர்வு மடலில் பிக்ரோடாக்சின் இட்டார்கள். காபா என்ற அடக்கு வேதிப்பொருளின் வாயிலை அடைக்கும் மருந்து அது. மணத்தில் மிகவும் வேறுபட்ட ஹெக்ஸனால், ஜெரேனியால் என்ற வேதிப்பொருள்களைத் தேனீ அப்போதும் பிரித்தறிந்தது. மூலக்கூறில் இரண்டே கார்பன் அணு வித்தியாசமுள்ள, மணத்தில் நெருங்கிய ஹெக்ஸனாலையும் ஆக்டனாலையும் குழப்பிக்கொண்டது. நியூரான்கள் மணத்துக்குத் துடிப்பது, அதாவது மின்துடிப்பு எழுப்புவது, நிற்கவில்லை. நொடிக்கு ஏறத்தாழ 30 முறை அவை சேர்ந்து துடிக்கும் தாளம்தான் குலைந்தது. அந்தத் தாளத்தைக் கட்டிக்காப்பது அடக்கு நியூரான்கள்.

'இந்த அடக்கு நியூரான் எந்த மணத்துக்கானது?' என்று பலர் கேட்கிறார்கள். வெட்டுக்கிளியைப் பார்த்தால் அந்தக் கேள்வியே பொருந்தாது. அதன் மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு ராட்சத அடக்கு நியூரான் உண்டு. மணங்களை நினைவில் கொள்ள உதவும் நரம்பு செல்களான சுமார் 50,000 கென்யன் செல்களிடமிருந்து செய்தி வாங்கி, அவற்றையே அது அடக்குகிறது. துடிப்புகள் எழுப்புவதில்லை, மின்னழுத்தம் ஏறி இறங்குவதே அதன் பேச்சு. எந்த மணம் வந்தாலும் அது எழும். கென்யன் செல்கள் அதிகம் கிளர்ந்தால் அடக்கமும் கூடும். அதனால்தான் மணம் காட்டமானாலும் மிகச் சில கென்யன் செல்களே துடிக்கின்றன.

பாலூட்டிகளின் மூளையில் மூக்கிலிருந்து மணச் செய்தி முதலில் சேரும் முகர்குமிழில் உள்ள அடக்கு நியூரான்களான கிரானுல் செல்களுக்கு, செய்தி அனுப்பும் நீண்ட இழையான ஆக்ஸானே கிடையாது. மணச் செய்தியை மூளையின் பிற பகுதிகளுக்கு அனுப்பும் மைட்ரல் செல்லிடம் செய்தி வாங்கிய கிளை வழியாகவே அதை அடக்கவும் செய்கின்றன. 2010இல் எலிகளில் இந்த அடக்கத்தை மரபணு மாற்றத்தால் கூட்டினார்கள். பிரேக் என்றால் முடிவெடுக்கத் தாமதமாகியிருக்க வேண்டும். ஆனால் ஒத்த மணக் கலவைகளை அந்த எலிகள் முன்னைவிட வேகமாகப் பிரித்தறிந்தன. எளிதில் பிரியும் மணங்களில் வேகம் மாறவில்லை.

தங்கள் படத்தில் மைட்ரல் செல்லிலிருந்து கிரானுல் செல்லுக்கு ஓர் அம்புக்குறி மட்டுமே இருந்தது. அதே இடத்தில் திரும்பி வரும் அம்பையும் சேர்த்து, திருத்திய படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நரம்பியல் ஆசிரியர்