சாம்பாருக்கும் கணக்கு உண்டு

அன்புள்ள சேகர்,

சித்திரை ஒன்றாம் தேதி நீ அனுப்பிய வாழ்த்துக்கு ஒரு கட்டைவிரல் போட்டதோடு சரி, அதற்கப்புறம் என்னிடமிருந்து சத்தமே இல்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மூட்டு வலி எப்படி, மாடி ஏறுகிறாயா? சுமதி பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாயிற்றா? இங்கே எல்லோரும் நலம், பெரியவன் வேலை மாறிவிட்டான், லதாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். நான் ஒரு தேர்தலில் பொருளாளராக இருந்தேன். நானேதான். அந்தக் காலத்து நாற்பது ரூபாய்க்கு இன்றுவரை கணக்கு காட்டாத நீ இதில் வாய் திறக்கக் கூடாது.

எதிர்வீட்டு டீச்சரம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, பள்ளிக்கூட நூலகத்தில் முப்பது வருடம் இருந்தவர், முதல் பனிக்காலத்தில் நம் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்தவர். இங்கே அமெரிக்காவில், எங்கள் வெர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு நிற்கப் போகிறேன் என்று 2025 பிப்ரவரியில் வந்து நின்றார். கீழவையில் 100 இடம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். எங்கள் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு இருக்கிறதே, வான்கோழிப் பண்ணையும் ஆப்பிள் தோட்டமுமான ஊர், இங்கே ரிபப்ளிகன் கட்சி கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். டீச்சர் டெமாக்ரட். இந்த முறை 100 தொகுதியிலும் ஆள் நிறுத்துவது என்று அவர் கட்சி முடிவு செய்ததில் எங்கள் தொகுதிக்கு அகப்பட்டவர் இவர். "நீ கணக்கில் புலி என்று லதா சொன்னாள்" என்றார். லதாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேட்புமனுவுக்கு 125 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். அதை இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிட்டோம், பெரிய வீரர்கள் போல ஐஸ்கிரீம் கூடச் சாப்பிட்டோம். அப்புறம்தான் பணம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

கேள் இதை. வெர்ஜீனியாவில் ஒரு வேட்பாளருக்கு ஒருவர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பே கிடையாது. பத்து லட்சம் டாலருக்கு ஒரே செக் எழுதலாம். கம்பெனிகளும் கொடுக்கலாம். 100 டாலரைத் தாண்டினால் கொடுத்தவர் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் அறிக்கையில் எழுத வேண்டும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. இத்தனை பணமும் எந்த வேலைக்கு? ஆண்டுக்கு 17,640 டாலர் சம்பளம் என்று பல வருடமாக இருந்த வேலைக்கு. நெருக்கமான போட்டி உள்ள ஒரு கீழவைத் தொகுதியில் ஒரே வேட்பாளர் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டுவது இங்கே சாதாரணம். அதைக் கேட்ட அன்று நான் டீச்சரின் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 340 டாலர் இருந்தது. அதில் 200 அவருடைய சொந்தப் பணம்.

கட்சிப் பயிற்சி என்று ஜூமில் ஒரு பையன் வந்தான், நம் பெரியவனைவிடச் சின்னவன். தினமும் மூன்று மணி நேரம் வேட்பாளர் போனில் உட்கார்ந்து தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் கேட்க வேண்டுமாம். தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம், எதிராளி பேசும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். டீச்சரால் அது முடியவே இல்லை. "250 டாலர் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார், ஒரு நொடி கூட ஆகியிருக்காது, "முடியாவிட்டால் பரவாயில்லை, உன் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்றார்களே, எப்படி இருக்கிறார்?" என்று ஆரம்பித்து இருபது நிமிடம். பக்கத்தில் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் நான் பேனாவால் மேஜையைத் தட்டுவேன். ஒரு மாலையில் ஒன்பது பேரிடம் பேசி 75 டாலர் வந்தது, இரண்டு பேருடைய மருத்துவ வரலாறு எனக்கு மனப்பாடம் ஆயிற்று.

அவருக்கு வராததை எனக்கு வரவழைத்துக்கொள்ளலாம் என்று நம் ஆட்களிடம் நான் கேட்டேன் பார், அதுதான் இந்த வருடத்தின் பெரிய அசட்டுத்தனம். நம் பாலு, நியூஜெர்சியில் இரண்டு வீடு வைத்திருக்கும் பாலு, "கல்யாணத்துக்கு மொய் கேட்டால் எழுதுகிறேன், தோற்கிற கட்சிக்கு எதற்குடா?" என்றான். கடைசியில் 51 டாலர் அனுப்பினான், ஒரு ரூபாய் சேர்த்து வைத்த பழக்கம் போகவில்லை. வேறு இரண்டு பேர் அதற்கப்புறம் என் போனை எடுப்பதே இல்லை. உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டுக்காரனோ இல்லாதவன் இங்கே பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கூடக் காசு கொடுக்கக் கூடாது, சட்டம். நீ ஒரு ரூபாய் அனுப்பினாலும் மாட்டிக்கொள்வது நான்தான். உனக்கு எப்போதும் யோகம்.

ஜூலையில் வீட்டில் ஒரு தோசை விருந்து வைத்தோம், நாற்பது பேர். லதா இரண்டு நாள் நின்று மாவு அரைத்து, சாம்பார், மூன்று சட்னி, கேசரி என்று இழுத்துவிட்டாள். எல்லோரும் போனபின் நான் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டேன். சாப்பாடு போட்டாலும் அது நன்கொடைதான், சந்தை விலை போட்டுப் பொருளாகக் கொடுத்த நன்கொடை என்று காட்ட வேண்டும். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என் சாம்பாருக்கு விலை போடுகிறீர்களா?" என்று கேட்டாள் பார், முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அறிக்கையில் லதா பெயருக்கு எதிரே 186 டாலர் என்று இருக்கிறது. குறைவாகப் போட்டுவிட்டேன் என்று இன்னும் சண்டை.

சரி, விளையாட்டு போதும். என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு.

நான் வெளியிலிருந்து பார்த்தவரை, இந்தக் கட்சியிடம் இவ்வளவு, அந்தக் கட்சியிடம் அவ்வளவு என்று இரண்டு உண்டியல் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் டெமாக்ரட் உண்டியல்தான் கனம். கவர்னர் தேர்தலும் சேர்ந்தே நடந்தது, டெமாக்ரட் வேட்பாளர் ஸ்பான்பெர்கர் எதிராளியைவிட வெகு அதிகமாகத் திரட்டினார், டிரம்ப் மீதுள்ள கோபத்தில் நாடு முழுக்கச் சின்னச் சின்னத் தொகையாகப் பணம் கொட்டியது. நான்கு வருடம் முன்பு, 2021இல், காற்று அந்தப் பக்கம் அடித்தது, ரிபப்ளிகன் வேட்பாளர் யங்கின் தன் கைக்காசையே சுமார் 2 கோடி டாலர் போட்டு கவர்னர் ஆனார், கீழவையும் ரிபப்ளிகன் கைக்குப் போனது. ஆக, எங்கள் கட்சியிடம் பணம் இருக்கிறது, நமக்கும் கொஞ்சம் வரும் என்று நானும் டீச்சரும் காத்திருந்தோம். வரவே இல்லைடா. வேட்பாளர்களின் செப்டம்பர் 15 வரவு செலவு அறிக்கை வந்ததும் ஒவ்வொரு தொகுதியாக எடுத்துப் பார்த்தேன். ஜெயிக்கலாம் என்று கட்சி குறித்து வைத்திருக்கும் கொஞ்சம் தொகுதிகளில் பணம் மலையாகக் குவிந்திருந்தது, மற்ற இடங்களில் எங்களைப் போலக் கஞ்சிக்கு உப்பில்லாத கதை. தன் தொகுதியில் ஆபத்தில்லாத உறுப்பினர்கள் மிச்சப் பணத்தை அந்த நெருக்கடித் தொகுதிகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். டொமினியன் மாதிரி மின்சாரக் கம்பெனி இரண்டு கட்சிக்கும் கொடுக்கும், டொமினியன் காசு வேண்டாம் என்பவர்களுக்குக் கொடுக்கவே கிளீன் வெர்ஜீனியா என்று இன்னொரு பணக்கார அமைப்பு இருக்கிறது. எந்தப் பக்கத்துப் பணமும் எங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கி வரவில்லை.

நியாயம்தானே என்று பாலு சொல்கிறான். ஓடாத குதிரைக்கு எவன் கொள்ளு வைப்பான் என்கிறான். எனக்கும் பதில் இல்லை. 2020இல் டெக்சாஸ் கீழவையைப் பிடிக்க டெமாக்ரட் கட்சி கோடி கோடியாகக் கொட்டியது, ஒன்பது இடம் தேவைப்பட்டது, கடைசியில் 83க்கு 67 என்று இருந்தது இருந்தபடியே இருந்தது. ஆகவே பணம் இருந்தால் ஜெயம் என்றும் இல்லை. இங்கேயே 2017இல் நியூபோர்ட் நியூஸ் தொகுதியில் இரண்டு பேருக்கும் சரியாக 11,608 ஓட்டு. பெயர்களை ஃபிலிம் டப்பாவில் போட்டு, பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள், ரிபப்ளிகன் பெயர் வந்தது, அந்த ஒரு டப்பாவால் சபையே அவர்கள் கையில் நின்றது. 51க்கு 49. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஓட்டை எந்த விளம்பரம் கொண்டுவந்திருக்கும், எந்த விளம்பரம் கெடுத்திருக்கும், எவன் சொல்ல முடியும்?

ஆனால் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபரில் எதிராளியின் வழவழப்பான அட்டைகள் வாரம் இரண்டு எல்லார் வீட்டுத் தபால் பெட்டியிலும் விழுந்தன. நாங்கள் ஒரே ஒரு அட்டை அடித்தோம், அதுவும் பாதித் தொகுதிக்குத்தான். பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரியவர், டீச்சரிடம் படித்தவர், "நீங்கள் நிற்பதே தெரியாதே, நான் போன வாரமே ஓட்டுப் போட்டுவிட்டேனே" என்றார். இங்கே 45 நாள் முன்பிருந்தே ஓட்டுப் போடலாம். டீச்சர் சிரித்துக்கொண்டே அவர் பேத்தியை விசாரித்தார். காரில் ஏறியபின் சீட் பெல்ட்டைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று தோற்றது போல இருந்தது, சேகர். நவம்பர் 4ஆம் தேதி இரவு அவ்வளவு வலிக்கவில்லை.

ரிசல்ட் உனக்கே தெரிந்திருக்கும். அவர் கட்சி 51லிருந்து 64க்குப் போனது, ஊரெல்லாம் கொண்டாட்டம், நாங்கள் தோற்றோம். நம் ஊர்க் கணக்கில் டெபாசிட் தப்பியது. ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி லெப்டினன்ட் கவர்னர், அதாவது துணை கவர்னர், ஆகிவிட்டார் என்று லதா கேசரி கிண்டினாள். அதற்குக் கணக்கு எழுதவில்லை.

இப்போது டீச்சரின் தேர்தல் கமிட்டியை மூடும் வேலை நடக்கிறது. எல்லாம் கொடுத்தது போக 38 டாலர் 60 சென்ட் மிச்சம். சட்டப்படி அதை வேட்பாளர் பையில் போட்டுக்கொள்ள முடியாது, தர்மத்துக்கோ கட்சிக்கோ கொடுக்கலாம். நூலகத்துக்குக் கொடுப்போம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ரசீது வாங்கி ஒட்டி வைத்திருக்கிறேன், நீயும் பார்த்துப் படித்துக்கொள் என்று அதன் படத்தை இதோடு அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "2027இல் இன்னொரு முறை பார்ப்போமா?" என்று கேட்டார். நான் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தேன். லதா உள்ளேயிருந்து, "இந்த முறை சாம்பாருக்கு நானே விலை போடுவேன்" என்கிறாள்.

மூட்டுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

உன்,
முரளி